தடை உண்டு, விலக்கும் உண்டு

இமிடாகுளோபிரிட் என்ற பெயர் பருத்தி போடுகிற நம் ஊர் விவசாயிகளுக்குப் பழக்கம்தான். நியோநிகோட்டினாய்டு வகை மருந்து. விதை நேர்த்தி செய்து விதைத்தால், முளைக்கும்போதே செடி அதை உறிஞ்சிக்கொள்ளும். இலையில் சாறு உறிஞ்ச வரும் பூச்சி நரம்பு பாதிக்கப்பட்டுச் சாகும். அதே மருந்து மகரந்தத்துக்கும் போகிறது என்பதுதான் வம்பு. தேனீ உடனே செத்து விழவேண்டும் என்பதில்லை. சிறு அளவே போதும், வழி தப்பிக் கூடு திரும்பாமல் போய்விடும்.

2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீத்தாக்சம் ஆகிய மூன்றையும் தேனீக்கள் நாடும் பயிர்களில் கட்டுப்படுத்தியது. 2018-இல் பசுமைக்குடிலுக்கு வெளியே எங்குமே கூடாது என்றது. ஆனால் வேறு வழியே இல்லாத ஆபத்து என்றால், உறுப்பு நாடுகள் 120 நாள் வரை அவசர அனுமதி தரலாம் என்று சட்டத்திலேயே ஒரு விதி உண்டு. சில நாடுகளில் இந்த 'அவசரம்' வருடா வருடம் வந்தது!

பிரான்ஸ் ஒன்றியத்தைவிடக் கறாராக, இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் 2018 முதல் தடை போட்ட நாடு. 2020-இல் அசுவினி பரப்பிய மஞ்சள் நோய் சர்க்கரை பீட்ரூட்டைச் சூறையாட, அந்த ஆண்டே விலக்குச் சட்டமும் வந்தது. பூப்பதற்கு முன்பே கிழங்கைத் தோண்டிவிடுகிறோமே, தேனீ எதற்கு வரப்போகிறது என்றார்கள் விவசாயிகள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து மண்ணில் தங்கிவிடும். அடுத்த போகத்துப் பூவிலும் வரப்போரக் களைப் பூவிலும் ஏறும். விலக்குக் கொடுத்த அரசே, அந்த நிலத்தில் அடுத்து எதை எப்போது விதைக்கலாம் என்று பட்டியல் போட்டது. ஆபத்து இல்லையென்றால் பட்டியல் எதற்கு?

ஒன்றியம் தடைசெய்த மருந்தைப் பூசிய விதைக்கு அவசர அனுமதி செல்லாது என்று 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரான்ஸ் பின்வாங்கியது.

2025-இல் இதே வகையைச் சேர்ந்த அசிட்டாமிபிரிட்டை மீண்டும் அனுமதிக்க அங்கே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஆகஸ்டில் அரசியலமைப்பு மன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. இந்த மருந்துக்கு ஒன்றிய அளவில் 2033 வரை அனுமதி உண்டு. பக்கத்து நாட்டுக்காரர் அடிக்கலாம், நாங்கள் அடிக்கக்கூடாதா என்று பிரெஞ்சு ஹேசல்நட் விவசாயிகள் கேட்கிறார்கள். அதற்கு பாரிஸில் மட்டும் இருந்துகொண்டு பதில் சொல்ல முடியாது.