குடல் காசநோயா, கிரோன் நோயா? சிகிச்சையின் மூலம் விடை காணும் இந்திய மருத்துவர்கள்

புதுதில்லி: மாதக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, உடல் எடைக் குறைவு ஆகியவற்றுடன் வரும் நோயாளிக்குக் குடல் காசநோய் இருக்கலாம், கிரோன் நோயும் இருக்கலாம். இரண்டும் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் பகுதியையே தாக்குகின்றன. ஆனால், இவற்றுக்கான சிகிச்சைகள் முற்றிலும் வேறானவை.

காசநோய் கிருமியால் ஏற்படுவது. உரிய மருந்துகளால் குணமாகக் கூடியது. கிரோன் நோய் என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறால் குடலில் ஏற்படும் நாள்பட்ட அழற்சி. அதைக் கட்டுப்படுத்தலாமே தவிர, முழுமையாகக் குணப்படுத்த இயலாது.

தவறினால் என்னவாகும்?

காசநோயைக் கிரோன் நோய் எனக் கருதி ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை அளித்தால், எதிர்ப்பாற்றல் குறைந்து கிருமி உடலெங்கும் பரவக்கூடும். மாறாக, கிரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்து அளித்தால் உரிய சிகிச்சை தாமதமாகும்; குடல் சுருங்கி அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். எனவே, இந்தக் குழப்பம் இங்குள்ள மருத்துவர்களுக்கு அன்றாடச் சிக்கலாக உள்ளது.

பரிசோதனைகளின் வரம்பு

கொலோனோஸ்கோபி மூலம் எடுக்கப்படும் திசுவில் காசநோய்க் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். இதனால், கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையில் 'உண்டு' என முடிவு வந்தால் அதை நம்பலாம். 'இல்லை' என வந்தால் காசநோய் இல்லை என உறுதிசெய்ய முடியாது.

ஆகவே, மருத்துவர்கள் பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்கின்றனர். மலத்தில் இரத்தம், குடலின் நீளவாக்கில் அமைந்த புண்கள் ஆகியவை கிரோன் நோயைச் சுட்டுகின்றன. காய்ச்சல், வயிற்றில் நீர்கோத்தல் ஆகியவை காசநோயின் பக்கம் சாய்கின்றன.

சிகிச்சையே சோதனை

அதன் பிறகும் ஐயம் நீடித்தால், முதலில் காசநோய் மருந்து அளித்துப் பார்ப்பது இந்தியாவில் பரவலான வழக்கம். இம்முறையை தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். கிரோன் நோயாளிகளில் கணிசமானோருக்கும் இம்மருந்தால் வலி தற்காலிகமாகக் குறைந்தது. ஆனால், குடல் புண்கள் ஆறியது மிகச் சிலருக்கே. காசநோயாளிகளுக்கோ புண்களும் ஆறின.

எனவே, நோயாளி 'நலமாக இருக்கிறேன்' என்று சொல்வது மட்டும் போதாது. மருந்து தொடங்கிய சில மாதங்களில் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறுகிறதா எனக் காண்பது அவசியம். ஆறவில்லை எனில், கிரோன் நோயா அல்லது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயா என ஆராயப்படும்.

எத்தனை மாதம்?

வயிற்றுக் காசநோய்க்கு 6 மாத சிகிச்சை போதுமா, 9 மாதம் தேவையா என்ற கேள்வியும் நீண்டகாலம் இருந்தது. இந்தியாவில் பல மருத்துவமனைகளில் 197 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு, இரண்டும் ஏறத்தாழ சம பலன் தருவதாகக் காட்டியது. 6 மாத சிகிச்சையையே தேசிய வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருந்தை இடையில் நிறுத்துவதும், மறுபரிசோதனையைத் தவிர்ப்பதும் கூடாது என்பதே இந்த ஆய்வுகள் நோயாளிகளுக்கு உணர்த்தும் செய்தி.