காந்தமும் உறக்கமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்துக் குடியிருப்போருக்கு இரவு ஒரே மாதிரியாக வாய்ப்பதில்லை. 1964-ஆம் ஆண்டு தோன்றிய அப்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து வருவோர் பலர். ஊரார் பால் வாங்கப் புறப்படும் வேளையில் அவர்கள் பாய் விரிக்கின்றனர். என் அண்டை வீட்டார் அவர்களுள் ஒருவர். பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டுபவர்.

சில மாதங்களுக்கு முன் அவர் என்னிடம் வந்து, "தலையில் காந்தம் வைத்தால் தூக்கம் வருமாம், சார். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார். முந்திய வாரம் இயந்திரத்தின் முன் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டாராம். விரல் தப்பியது அருமை. ஆகவே அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மாணவ நண்பர்களே, கடையில் விற்கும் காந்தத் தலையணை வேறு, மருத்துவர் கையாளும் காந்தக் கருவி வேறு. அசையாது கிடக்கும் காந்தம் பக்கத்துக் கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பாது. காந்தப் புலம் மாறினால்தான் மின்சாரம் பிறக்கும். இதனை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டார். சக்கரம் சுழன்றால் மட்டுமே சைக்கிள் டைனமோ விளக்கை எரிப்பதும் இதனாலேயே.

மூளையின் நரம்பணுக்கள் மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினாலோ மண்டையோடு அதனை மறிக்கிறது, தோலும் வலிக்கிறது. காந்தப் புலத்துக்கு எலும்பு ஒரு தடையே அன்று. 1985-இல் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஒரு கம்பிச் சுருளை மனிதர் தலைமேல் வைத்து, அதில் மின்னோட்டத்தை நொடிப்பொழுது பாய்ச்சினர். அவருடைய கைத் தசை தானாகவே துடித்தது! இன்றும் மருத்துவர் கட்டைவிரல் துடிக்கும் அளவைக் கண்டே கருவியின் வலிமையை நிர்ணயிக்கின்றார். துடிப்பு ஒவ்வொன்றும் ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட நீடிப்பதில்லை. புலத்தின் வலிமை ஏறத்தாழ 2 டெஸ்லா. ஆயினும் மூளையின் மேற்பரப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமே அது எட்டும்.

விநாடிக்கு ஒன்று என மெதுவாகத் தட்டினால் அப்பகுதியின் கிளர்ச்சி பொதுவாக அடங்குகிறது. பத்து எனத் தட்டினால் மிகுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இம்முறையை அமெரிக்க அரசு 2008-இல் அனுமதித்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்திலும் இச்சிகிச்சை உண்டு.

உறக்கமின்மையால் நெடுநாள் வருந்துவோரின் மூளை, படுத்த பின்னும் விழிப்பிலேயே நிற்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அப்படியாயின் நெற்றியின் வலப்புறத்தை மெல்லத் தட்டி அடக்கலாமே என்று அவர்கள் முயன்றனர். பலன் நம்பிக்கை தருகிறது. ஆயினும் சோதனைகள் பலவும் சிறியவை. கருவியோ 'டக் டக்' என்று ஒலிக்கும், தலையிலும் தட்டும். எனவே உண்மைச் சிகிச்சையையும் பொய்ச் சிகிச்சையையும் நோயாளி அறியாதபடி ஒப்பிடுவது கடினம். மனச்சோர்வுக்குக் கிடைத்த நற்சான்றை உறக்கத்துக்கும் சேர்த்து எழுதிக்கொள்வது சரியன்று என்பது என் கருத்து.

தலைக்குள் உலோகம் உள்ளவரும், செவிக்குள் கேட்கும் கருவி பொருத்தியவரும் இதனை அணுகலாகாது. வலிப்பு கண்டவர் மருத்துவரிடம் அதனை மறைக்கலாகாது. தகடு வெட்டுவோரிடம், "கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்ததுண்டா?" என்றும் கேட்பார்கள். நண்பர் சிரித்து, "எத்தனை முறை!" என்றார்.

மேலும், அவருடைய துன்பத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருப்புவது ஒளி. காலை வெயிலில் நடந்து வீடு திரும்பியதும் அவருடைய மூளை, "பொழுது விடிந்தது" என்று முடிவு செய்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஷிப்டு முடியும் தறுவாயில் இரண்டு குவளை காப்பி! நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியை அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவுறுத்தியது. உறக்கம் வந்த பின்னரே படுத்தல், வராவிடில் எழுந்துவிடல் முதலியன அதன் கூறுகள். உரத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அதனைத் தனியே சோதித்தல் வேண்டும்.

இவற்றை எல்லாம் கேட்டுக்கொண்ட நண்பர், காப்பியை நள்ளிரவோடு நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடி அணிந்து வீடு திரும்பினார். சன்னலுக்குக் கனத்த துணி தைத்தார். இப்போது ஐந்து மணி நேரம் உறங்குகிறாராம். எதிர் வீட்டு மாவரைக்கும் இயந்திரத்துக்குத்தான் இன்னும் வழி காணவில்லை.