பரணுக்குப் போன வண்ணப் பெட்டி

சம்பாதிக்க வந்த ஊரில் மனிதனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது மிகவும் குறைவு. அறை வாடகைக்கு எடுத்தது. ரெயிலில் உட்காரும் இடம், முன்னால் இருப்பவர் இறங்கினால்தான் கிடைக்கும். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடும். பகல் முழுவதும் அலுவலகத்துக்கோ, தொழிற்சாலைக்கோ சொந்தம்.

மிஞ்சுவது இரவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் விரும்பிச் செய்கிற வேலைதான் அவருக்கே உரியது. சிலர் பாட்டுப் பயிலுகிறார்கள். சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் படம் வரைகிறார்கள். அவர்களில் ‘மினியேச்சர்’ எனப்படும் சிற்றோவியம் பழகுகிறவர்களும் உண்டு.

வேறு எந்தப் பொழுதுபோக்கையும்விட அதிகப் பொறுமை கேட்பது இது. அதனால்தானோ என்னவோ, ஆசையோடு தொடங்கிய பலருடைய வண்ணப் பெட்டி ஒரு நாள் பரணுக்குப் போய்விடுகிறது. “இப்போதெல்லாம் வரைவதில்லையா?” என்று கேட்டால், “மனசு வரவில்லை” என்று பதில் வருகிறது.

போன மனசு திரும்பி வருமா? வரும். ஆனால் “மனசு வரட்டும், பிறகு தூரிகையை எடுக்கலாம்” என்று காத்திருந்தால் வராது. முதலில் கை போக வேண்டும். மனசு அதன் பின்னால் வரும்.

உள்ளங்கை அளவு உலகம்

சிற்றோவியம் நம் நாட்டுக்கு மிகவும் பழையது. வங்காளத்திலும் பீகாரிலும் பாலர்கள் ஆண்ட காலத்தில் பவுத்த நூல்களின் பனை ஓலைகளில் இந்த ஓவியங்களைத் தீட்டினார்கள். குஜராத்தில் சமணர்கள் கல்பசூத்திர ஏடுகளுக்கு வரைந்தார்கள். ஓலையின் அகலம் சில அங்குலம்தான். அதற்குள்ளே தெய்வம், மரம், மனிதர் எல்லாம் அடங்க வேண்டும்.

பிறகு காகிதம் வந்தது. மொகலாய மன்னர் உமாயூன் பாரசீகத்திலிருந்து மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்ற இரண்டு ஓவியர்களை அழைத்து வந்தார். அவருடைய மகன் அக்பர் காலத்தில் பெரிய ஓவியக்கூடமே உருவானது. அங்கே புகழ் பெற்ற தஸ்வந்த், பல்லக்குத் தூக்கும் குடும்பத்தில் பிறந்தவர்! ராஜஸ்தானத்திலும் இமயமலை அடிவாரத்துச் சிறு ராஜ்யங்களிலும் இந்தக் கலை தனித்தனி வழிகளில் செழித்தது. 1973-ல் தபால் இலாகா வெளியிட்ட சிற்றோவியத் தபால் தலைகளில் கிஷன்கட் ராதையைப் பார்த்தவர்கள் அந்த நீண்ட கண்ணை மறந்திருக்க மாட்டார்கள்.

வேலை முறையும் தனி. மெல்லிய காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாவுப் பசையால் ஒட்டி ‘வஸ்லி’ என்னும் அட்டை செய்வார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி, நீலத்துக்கு ஆப்கானிஸ்தானத்து நீலக்கல். இவற்றை அரைத்துப் பிசினில் குழைத்துத் தீட்டுவார்கள். தூரிகைக்கு அணில் வால் முடி. படத்தைக் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கம் வழவழப்பான அகேட் கல்லால் தேய்த்தால் வண்ணம் மெருகேறிப் பளபளக்கும்.

இன்று பழகுகிறவர்கள் கடையில் விற்கும் போஸ்டர் வண்ணத்தையே பயன்படுத்தலாம். தவறில்லை. சாதிலிங்கத்தில் பாதரசமும் அரிதாரத்தில் பாஷாணமும் இருப்பதால், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மட்டும் எப்போதுமே கூடாது. கீரி முடித் தூரிகை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். நல்ல செயற்கை முடித் தூரிகையே போதும்.

ஆசை எங்கே போயிற்று?

ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்திரண்டு. மூன்று வருடம் ஆர்வமாக வரைந்தார். இலை, பூ, யானை என்று சின்னச் சின்னப் படங்கள். எல்லோரும் பாராட்டினார்கள். உடனே ஒரு ராஜசபைக் காட்சியை எடுத்தார். நாற்பது தலைகள், தூண்கள், கம்பளம், அதன் மேல் பூ வேலை!

பன்னிரண்டு தலை முடிந்தது. பதின்மூன்றாவது முகம் கோணலாகிவிட்டது. அன்று மூடி வைத்தவர் மறுநாள் திறக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. பிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. முடியாத படம் கடன்காரனைப் போல மூலையில் நின்று முறைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றினார்.

இவருக்கு ஓவியத்தின் மேல் உள்ள ஆசை போகவில்லை. அந்த ஒரு படத்தின் மேல் பயம் வந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

இன்னொரு காரணம் கைபேசி. அதைத் திறந்தால் உலகத்திலுள்ள தலைசிறந்த ஓவியங்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. பதினைந்து நிமிடம் பார்த்தபின், “நாம் வரைவதெல்லாம் ஒரு படமா?” என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பார்த்ததிலேயே நேரமும் போய்விடுகிறது, தெம்பும் போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் இடம். ஒரே அறையில் நாலு பேர் இருக்கும்போது காகிதத்தை விரித்து, கிண்ணத்தை வைத்து, வண்ணத்தைக் குழைத்து, முடிந்தபின் எல்லாவற்றையும் எடுத்து வைப்பதற்கே அரை மணி நேரம் ஆகிறது. களைத்து வந்தவருக்கு அந்த அரை மணிதான் மலையாகத் தெரிகிறது.

முதலில் கண்ணைப் பாருங்கள்

நாற்பது வயதைத் தொட்டவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த வயதில் கண்ணில் உள்ள லென்ஸ் இறுகத் தொடங்கும். பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. பத்திரிகையைத் தள்ளிப் பிடித்துப் படிப்பது இதனால்தான்.

பத்திரிகையைத் தள்ளிப் பிடிக்கலாம். ஒற்றை முடியால் புருவம் எழுதும்போது படத்தைத் தள்ளிப் பிடிக்க முடியுமா? கோடு பிசகும். தலை வலிக்கும். எரிச்சல் வரும். “எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது” என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் குறைந்தது பார்வை! கண் மருத்துவரிடம் போய், படம் வரையும் தூரத்தைச் சொல்லி, அதற்கேற்ற கண்ணாடி வாங்கினால் பாதி ஆசை அன்றே திரும்பிவிடும். இடது பக்கமிருந்து வெளிச்சம் விழுமாறு ஒரு மேசை விளக்கும் வேண்டும். இடது கையால் வரைபவர்களுக்கு விளக்கு வலது பக்கம்.

தூரிகையையும் பார்க்க வேண்டும். நுனி பிளந்த தூரிகையால் எந்த மேதையும் கோடு இழுக்க முடியாது. மும்பை மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து நெளியும், பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கு முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வைப்பது நல்லது. கருவி கெட்டிருக்கும்போது மனதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அக்பர் ஓவியக்கூடத்தின் பாடம்

அக்பர் காலத்தில் ‘ஹம்சாநாமா’ என்ற கதைக்கு ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் தீட்டினார்கள். அவை துணியில் தீட்டிய பெரிய படங்கள். முடிக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. எப்படிச் சலிக்காமல் முடித்தார்கள்?

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்யவில்லை. அந்தக் கூடத்தில் ஒருவர் கோட்டுருவம் போடுவார். இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். முகம் எழுதுவதற்குத் தனியே ஒருவர் இருப்பார். யார் யார் எந்த வேலை செய்தார்கள் என்று படத்தின் அடியில் எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. கணக்கு எழுதும் கையால்தான் அந்த ஓவியர்களின் பெயர் பிழைத்தது. குமாஸ்தாக்கள் பெருமைப்படலாம்!

தனியாக வரைகிறவருக்கு உதவியாள் கிடையாது. ஆனால் வேலையை நாள் வாரியாகப் பிரிக்கலாம். திங்களன்று கோடு மட்டும். செவ்வாயன்று வெள்ளைப் பூச்சு மட்டும். புதனன்று வானத்துக்கு நீலம் மட்டும். “இன்று படம் வரைய வேண்டும்” என்றால் மலைப்பு. “இன்று வானம் மட்டும்” என்றால் இருபது நிமிட வேலை.

அதுவும் முடியாத நாளில் காகிதத்தை மெருகு தேய்க்கலாம். பழைய தாளில் வெறும் கோடுகள் இழுக்கலாம். படத்தைச் சுற்றி வரும் ஓரக்கட்டத்துக்கு வண்ணம் அடிக்கலாம். இவற்றுக்கு மனசு தேவையில்லை. கை போதும். பத்து நிமிடம் கழித்து நிறுத்த மனமிருக்காது என்பதுதான் இதிலுள்ள ரகசியம்.

இடப் பிரச்சினைக்கு வழி ஒரு தட்டு. காகிதம், இரண்டு தூரிகை, மூன்று வண்ணம், ஒரு கிண்ணம் எல்லாம் ஒரே எவர்சில்வர் தட்டில் இருக்கட்டும். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். இழுத்தால் வேலை, தள்ளினால் உறக்கம்.

அந்தக் கோணலான ராஜசபையை என்ன செய்வது? கிழிக்க வேண்டாம். ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். முதலில் ஒரே நாளில் முடியும் ஒரு மாவிலையை வரையுங்கள். முடித்த படம் ஒன்று கையில் இருந்தால்தான் அடுத்ததற்குத் துணிவு வரும்.

காட்டினால்தான் கலை வளரும்

அக்பரின் அமைச்சர் அபுல் பசல் எழுதிய ‘ஆயின்-இ-அக்பரி’யில் ஒரு செய்தி இருக்கிறது. ஓவியர்கள் செய்த வேலையை அதிகாரிகளும் எழுத்தர்களும் வாரம்தோறும் மன்னர் முன் கொண்டுபோய் வைப்பார்களாம். திறமைக்கு ஏற்பப் பரிசும் சம்பள உயர்வும் கிடைக்குமாம்.

நமக்கு மன்னர் வேண்டாம். வாரம் ஒருமுறை பார்க்க ஒரு நண்பர் போதும். “இந்த வாரம் என்ன வரைந்தாய்?” என்று கேட்க ஒருவர் இருந்தால் தட்டு தானே வெளியே வரும். விற்பனையை மட்டும் அவசரப்பட்டுப் பேச வேண்டாம். “எவ்வளவு தருவீர்கள்?” என்ற பேச்சு வந்ததுமே பொழுதுபோக்கு இன்னொரு வேலையாகிவிடும். வேலை ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே!

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1922-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியம், இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்ற பெயரில் இருக்கிறது. சர்ச்கேட்டிலிருந்தும் சி.எஸ்.எம்.டி.யிலிருந்தும் நடந்தே போகலாம். நல்ல சிற்றோவியச் சேகரிப்பு அங்கே இருக்கிறது. பஞ்சதந்திரக் கதை வழி வந்த ‘அன்வார்-இ-சுஹைலி’யின் அக்பர் காலப் பக்கங்களும் அந்தச் சேகரிப்பைச் சேர்ந்தவை. ஞாயிறன்று போனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு படத்தின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். ஓர் இலைக்கு எத்தனை பச்சை என்று எண்ணுங்கள். கைபேசி தராத ஊக்கம் அங்கே கிடைக்கும்.

ராஜாவை மட்டுமா வரைய வேண்டும்?

சிலருக்குச் சலிப்பு வருவது, எப்போதும் பிறர் படத்தையே பார்த்து எழுதுவதால். பதினெட்டாம் நூற்றாண்டில் குலேரைச் சேர்ந்த நைன்சுக் என்ற மேதை இருந்தார். கண்ணுக்கு இன்பம் என்பது அந்தப் பெயரின் பொருள். தம்மை ஆதரித்த பல்வந்த் சிங்கை அவர் சபையில் மட்டும் வரையவில்லை. தாடி திருத்திக்கொள்ளும்போதும், கூடாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதும்போதும் வரைந்தார். இன்று உலகம் அவரைக் கொண்டாடுவது அந்தச் சாதாரணக் காட்சிகளுக்காகவும்தான்.

டப்பாவில் மதியச் சோறு, ஜன்னல் கம்பியில் காயும் வேட்டி, தாதர் பூச்சந்தையில் சாமந்திக் குவியல், ஊர் வீட்டு வேப்ப மரம். எல்லாமே உள்ளங்கை அளவில் அடங்கும்.

ஓய்வும் தப்பில்லை

வீட்டில் துக்கம் நேர்ந்திருக்கும். குழந்தைக்குப் பரீட்சை இருக்கும். இரண்டு ஷிப்ட் வேலை இருக்கும். அப்போது ஆறு மாதம் தூரிகையைத் தொடாவிட்டால் குற்றமில்லை. பொழுதுபோக்குக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

ஆனால் ஒன்று. வரைவதில் மட்டுமல்ல, சாப்பாட்டிலும், உறக்கத்திலும், ஊரிலிருந்து வரும் போன் பேச்சிலும்கூட விருப்பம் இல்லாமல் வாரக்கணக்கில் மனம் கனத்துக் கிடந்தால் அது வண்ணப் பெட்டி சம்பந்தப்பட்டதல்ல. மருத்துவரிடம் போக வேண்டும். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். தனியே அறையில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. தபால் அட்டையின் அளவு 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர். அந்த அளவில் ஒரு காகிதம் வெட்டுங்கள். மாதம் ஒரு படம் வரைந்து ஓர் உறையில் வைத்து ஊருக்கு அனுப்புங்கள். பணம் வங்கி வழியாகப் போய்விடுகிறது. அதில் அப்பாவின் கை தெரியாது. படத்தில் தெரியும். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு படம் பிள்ளைகள் கையில் இருக்கும். அடுத்த மாதம் படம் வரத் தாமதமானால், “ஏன் இன்னும் வரவில்லை?” என்று அவர்களே கேட்பார்கள்.