கறவை வற்றிய பசுவுக்குக் கதி யார்?

எமது காரியாலயத்திற்கு அடுத்த தெருவில் ஒரு கோயில் உண்டு. அமாவாசையன்று காலையில் அதன் வாசலில் ஒரு பசு கட்டப்பட்டிருக்கும். பக்கத்திலே ஓர் அம்மாள் அகத்திக்கீரைக் கட்டுகளை அடுக்கிவைத்து அமர்ந்திருப்பாள். வருவோர் ஒரு கட்டு வாங்கிப் பசுவின் வாயில் கொடுத்து, அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செல்வர். அதே கோயிலின் மதிலோரத்தில், முப்பதடி தொலைவில், குப்பைத் தொட்டி ஒன்று இருக்கிறது. சென்ற அமாவாசையன்று அங்கே வேறொரு பசு நின்றது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மடி வற்றிச் சுருங்கியிருந்தது. கழுத்தில் அறுந்த கயிற்றின் துண்டொன்று தொங்கிற்று. முடிச்சிட்ட பிளாஸ்டிக் பையொன்றை, உள்ளிருந்த பழஞ்சோற்றோடு சேர்த்து அது விழுங்கிக்கொண்டிருந்தது. கீரை கொடுத்துத் திரும்பியவர்கள் அதனைச் சுற்றி விலகிப் போயினர். முதற்பசு கோமாதா, இரண்டாவது பசு தெருமாடு. இரண்டிற்குமுள்ள பேதம் யாது? முன்னது கறக்கிறது, பின்னது கறக்கவில்லை என்பதன்றி வேறு விடை எமக்குப் புலப்படவில்லை.

ஜீவகாருண்யம் ஹிந்து தர்மத்தின் உயிர்நிலை என்று மேடைதோறும் பேசுகிறோம். அதனை மறுப்பார் இல்லை. ஆனால் நம் முன்னோர் அதற்கு இலக்கணமாக விட்டுச்சென்ற சரித்திரங்கள் எவ்வகையின என்பதைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். சாத்தனூரில் மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின் துயரைக் கண்ட சிவயோகியார், அவற்றிற்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகவில்லை, தம் உடலை விட்டு அம்மேய்ப்பனுடைய உடலிற் புகுந்து, மாலையில் அவற்றை வீடு சேர்த்தார், திருமூலரானார். சேய்ஞலூரில் ஈன்ற பசுவொன்று முட்ட வந்தது என்பதற்காக இடையன் அதனைக் கோலால் அடித்தபோது, விசாரசருமர் என்னும் சிறுவர் அவனைக் கண்டித்ததோடு நில்லாமல், ஊராருடைய ஆனிரை முழுவதையும் மேய்க்கும் வேலையைத் தாமே ஏற்றார். திருவாரூரிலே கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, மனுநீதிச் சோழன் தன் மைந்தனையே விலையாகக் கொடுக்கத் துணிந்தான். அம்மன்னனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை நாட்டியிருக்கிறோம். இம்மூவரில் ஒருவரேனும் பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. மூவரும் அதன் பாரத்தைத் தம் தலைமேல் ஏற்றவர்கள். செலவை ஏற்காத இரக்கம் இரக்கமன்று, வெறும் உபசாரம் என்பதே நாம் இன்று கூற வந்த பொருள்.

பசு தெருவுக்கு வருவது எங்ஙனம்? அதனை வெறுத்து விரட்டுவார் எவருமிலர், கணக்கே விரட்டுகிறது. பசுவின் ஆயுள் பதினைந்து முதல் இருபது வருஷம். கன்றீன்றபின் ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும், பின் வற்றும், மீண்டும் சினைப்பட்டு ஈன்றாலன்றிப் பால் இல்லை. நாலைந்து ஈற்றுக்குப்பின் சினை தங்காத பசுவுக்கு இன்னும் பல வருஷம் வயிறு இருக்கிறது; வருமானம் இல்லை. காளைக் கன்றின் கதி இன்னும் பரிதாபம். முற்காலத்தில் அது ஏருக்கும் வண்டிக்கும் உரியதாயிருந்தது. டிராக்டரும் லாரியும் வந்தபின் அதற்கு வேலை இல்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையே இந்தியாவில் பசுக்களின் தொகை சுமார் 18 சதவிகிதம் ஏறியிருக்க, ஆண் மாடுகளின் தொகை சுமார் 30 சதவிகிதம் வீழ்ந்தது என்று கால்நடைக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஒவ்வொரு ஈற்றிலும் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகவே பிறக்கின்றன; குறைந்தவை எங்கே போயின என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே 2019-ஆம் வருஷக் கணக்குப்படி, உடையவரின்றித் திரிந்த மாடுகள் தேசமெங்கும் ஐம்பது லட்சத்திற்கு மேல்.

தெருவுக்கு வந்த பசு அங்கே உண்பது என்ன? மாடு ஆட்டைப்போல் பொறுக்கி மேய்வதன்று. நாவால் வளைத்து அப்படியே விழுங்கிப் பின்னர் அசைபோடுவது அதன் இயல்பு. நாம் முடிச்சிட்டு எறியும் பிளாஸ்டிக் பை முதல் இரைப்பையிலே தங்கிவிடும், செரிக்காது, வெளியேறாது. வருஷக்கணக்கில் பை பையாகச் சேர்ந்து, கயிறும் துணியும் சுற்றிப் பெரும் பந்தாக இறுகுகிறது. வயிறு உப்பியிருப்பதைக் கண்டு நல்ல தீனி என்றெண்ணுகிறோம். உள்ளே இடமில்லாமையால் அந்தப் பசு பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறது. ஆணியும் கம்பியும் விழுங்கினாலோ அவை இரண்டாம் இரைப்பையைத் துளைத்து இதயம் வரையிலும் செல்வதுண்டு. இடப்பக்க விலாவைக் கீறிப் பத்து இருபது கிலோ பிளாஸ்டிக்கை வாரியெடுக்கும் சிகிச்சை கால்நடை வைத்தியர்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கிற்குத் தடை வந்தது. தடை ஏட்டில் இருக்கிறது. பை தொட்டியில் இருக்கிறது.

பக்தியும் சில வேளைகளில் விஷமாகிறது. பண்டிகை நாளில் பட்டினிப் பசுவுக்கு வாளி வாளியாகச் சோறும் பொங்கலும் கொட்டுகிறோம். புல்லுக்கென்று அமைந்த அந்த இரைப்பையிலே மிகுந்த சோறு புளித்து அமிலமாகிறது. வயிறு உப்பி, நிற்க மாட்டாமல் விழுந்து, ஓரிரு நாளில் மாள்வதும் உண்டு. தெருமாட்டுக்குக் கொடுக்க நினைப்பவர் வைக்கோலும் பசும்புல்லும் நல்ல தண்ணீரும் கொடுப்பாராக.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். வக்கீல் தொழிலிற் பழகிய எமக்கு இவ்விடத்தில்தான் வெட்கம் மிகுகிறது. 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்ற ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் செய்த பெருமுயற்சியின் பயனாக, 1960-இல் பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுதல் குற்றம் என்று அச்சட்டம் தெளிவாகவே கூறிற்று. முதற்குற்றத்திற்கு அது வகுத்த தண்டனை என்ன? பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம்! இன்றைக்கு இரண்டு கட்டுக் கீரையின் விலை அது. மறுபுறம், தெருவில் திரியும் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தால், அதனை மீட்க வருபவன் கட்டவேண்டிய அபராதத்தைச் சென்னை மாநகராட்சி 2024-இல் பத்தாயிரம் ரூபாயாக உயர்த்திற்று. இதன் விளைவைக் கவனியுங்கள். கறக்கும் பசுவை உடையவன் ஓடிவந்து பத்தாயிரம் கட்டி மீட்பான். வற்றிய பசுவை உடையவன் வரவே மாட்டான்; அவனுக்குச் செலவு ஒன்றுமில்லை. மாட்டை மீட்பவன் தண்டிக்கப்படுகிறான், கைவிட்டவன் தப்புகிறான். நீதித் தராசு இப்படிச் சாய்ந்திருக்குமாயின், கோசாலைகள் ஆயிரம் கட்டினாலும் நிரம்பி வழியவே செய்யும்.

மாநகராட்சி அபராதத்தை உயர்த்தியது காரணமின்றியன்று. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து தாயோடு திரும்பிய ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கியெறிந்த காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் கண்டு நடுங்கிற்று. அந்தக் குழந்தையிடத்து இரங்காத ஜீவகாருண்யம் எம்மிடம் இல்லை. பசுவையும் குழந்தையையும் ஒருங்கே காக்கும் வழி ஒன்றே: மாடு தெருவுக்கு வராதிருத்தல்.

பசு ரக்ஷணம் என்ற பெயரால் மனிதரை வதைப்போர் இத்தேசத்தில் உளர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்களுக்கு மகாத்மா காந்தி 1909-இலேயே விடை கூறிவிட்டார். பசுவைக் காக்க மனிதனைக் கொல்வது தமக்கு ஒவ்வாது என்று எழுதிய அப்பெரியார், பசுவை வதைப்பவர் ஹிந்துக்களாகிய நாமே என்று இடித்துரைக்கவும் தயங்கவில்லை. 1925-இல் அகில பாரத கோரக்ஷா மண்டலத்தை நிறுவியபோது அவர் கேட்டவை கோஷமும் ஊர்வலமும் அல்ல. நல்ல பால்பண்ணை, நல்ல பொலிகாளை, தானாக இறந்த மாட்டின் தோலைப் பதனிட்டு அவ்வருவாயால் உயிருள்ள மாட்டைப் போஷிக்கும் ஏற்பாடு ஆகியவற்றையே கேட்டார். செல்வரான ஸ்ரீ ஜம்னாலால் பஜாஜ் தம் வாழ்நாளின் கடைசி மாதங்களை வார்தாவில் கோ சேவைக்கே அர்ப்பணித்து 1942 பிப்ரவரியில் மறைந்தார். தடைச்சட்டம் மட்டும் போதுமா என்பதற்கு உத்தரப் பிரதேசமே சாக்ஷி. வதையை அங்கே கடுமையாகத் தடுத்தனர். வற்றிய மாடுகள் வயல்களிற் புகுந்தன. குடியானவர்கள் இரவெல்லாம் விழித்துப் பயிரைக் காவல்காத்தனர். பின்னரே, 2019-இல், ஒரு மாட்டை வளர்ப்பவருக்கு நாளொன்றுக்கு முப்பது ரூபாய் என்று சர்க்கார் கொடுக்கத் தொடங்கி, 2023-இல் அதனை ஐம்பதாக்கிற்று. தீனியை ஏற்பாடு செய்யாத தடை, பசுவைக் கத்தியிலிருந்து மீட்டுப் பசிக்கு ஒப்படைப்பதாகும்.

ஆகவே செய்யத்தக்கது என்ன? முதலாவது, பாரத்தைப் பால்காரன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். அவன் பெரும்பாலும் ஏழை, சந்தில் குடியிருப்பவன், மேய்ச்சல் நிலத்தை நகரம் விழுங்கிவிட்டது. பசுவின் பாலைக் குடித்தவர் நாம். அதன் முதுமைக்கும் நாமே கடன்பட்டவர். பஞ்சாபில் மின்சாரம், சிமெண்டு, மது இவற்றின்மேல் பசுவுக்கென்று வரி விதித்தனர். மதுவின்மேல் விதிப்பதினும் பாலின்மேல் விதிப்பதன்றோ முறை? கூட்டுறவுச் சங்கங்கள் விற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு சிறு காசு ஒதுக்கி, வற்றிய பசுவைக் கைவிடாது வைத்திருப்பவனுக்கு அதனைத் தீனிச்செலவாகக் கொடுக்கட்டும். இரண்டாவது, மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணுடன் அட்டை மாட்டும் திட்டம் நடைபெறுகிறது. அவ்வெண்ணைக்கொண்டு கைவிட்டவனைக் கண்டுபிடிக்கலாம்; அவனுக்கு ஐம்பது ரூபாய் போதாது. மூன்றாவது, பாதுகாக்க இடமும் ஆளும் இல்லாத கோயிலுக்குப் பசுவைத் தானம் செய்து, புண்ணியத்தைத் தான் வைத்துக்கொண்டு பாரத்தை ஸ்வாமியிடம் விடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். பசுவைக் கொடுப்பவர் அதன் ஆயுட்காலத் தீனிக்கும் சேர்த்துக் கொடுப்பதே கோதானம். நான்காவது, அயனாவரத்தில் நூறாண்டு கடந்து நிற்கும் பிஞ்சராபோல் போன்ற தர்ம ஸ்தாபனங்களுக்குப் பண்டிகை நாளில் மட்டுமின்றி மாதந்தோறும் வைக்கோல் விலை அனுப்புங்கள். ஐந்தாவது, இன்று மாலையே செய்யத்தக்கது: எச்சிற்சோற்றைப் பையிலிட்டு முடிச்சிடாதீர்கள்.

மனிதர் பசித்திருக்க மாட்டுக்கு இரங்குவதா என்று நம் தேசபக்த நண்பர்கள் சிலர் கேட்பர். 1867-இல் வடலூரில் பசித்த மனிதருக்கு அடுப்பு மூட்டிய வள்ளலாரே எல்லா உயிருக்கும் இரங்கியவர். இரக்கம் பங்குபோட்டால் குறைந்துவிடும் பொருளன்று. உழைத்து ஓய்ந்த வாயில்லா ஜீவனைத் தெருவில் விடப் பழகிய சமூகம், உழைத்து ஓய்ந்த மனிதனையும் ஒருநாள் அவ்வாறே விடும்.

அடுத்த அமாவாசை வரும். கோயில் வாசலில் கீரையும் வரும். வாங்குபவர் இம்முறை முப்பதடி அப்பால் நடந்து செல்வாராக. அங்கே நிற்கும் பசு ஆசீர்வதிக்குமோ, முட்டுமோ, நாம் அறியோம். ஆயினும் ஆராய்ச்சி மணியை அசைத்துக்கொண்டிருப்பது அதுவே.