பக்கவாத ஆய்வும் நரம்புச் சைகை அளவீடும்

பக்கவாதத்தால் கை கால் செயலிழந்த ஒருவரின் மூளையில் எவ்வளவு பகுதி அழிந்துவிட்டது, எவ்வளவு பகுதி மீட்கத்தக்கது என்பதே மருத்துவர் முன் நிற்கும் முதல் வினா. உழைப்பவர் படுக்கையில் வீழ்ந்தால் குடும்பத்தின் வருவாயும் நாட்டின் உழைப்பு வளமும் ஒருங்கே குறைகின்றன. எனவே, பொருளாதார நோக்கிலும் இவ்வினா முக்கியத்துவம் பெறுகிறது. இதற்கு விடை காண உதவிய முறைகளுள் ஒன்று, விலங்குகளில் நரம்புச் சைகைகளை அளத்தலாகும்.

மயக்க மருந்து அளிக்கப்பட்ட எலியின் முன்காலில் சிறு மின்தூண்டல் தரப்படுகிறது. அது தண்டுவடத்தின் வழியே மூளையின் எதிர்ப்பக்கப் புறணியை அடைகிறது. மண்டையோட்டில் பொருத்தப்பட்ட மின்வாய் அங்கு எழும் மறுமொழியைப் பதிவு செய்கிறது. மைக்ரோவோல்ட் அளவேயான இம்மறுமொழியை மூளையின் ஏனைய மின்னலைகள் மறைத்துவிடும். ஆதலால் பலமுறை தூண்டிச் சராசரி காண்பர். 100 முறை தூண்டினால் குறுக்கிடும் அலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பின்னர், மறுமொழியின் உயரமும், அது தோன்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் கணக்கிடப்படும். மூளைக் குருதிக்குழாயை அடைப்பதற்கு முன்னும் பின்னும் இவற்றை ஒப்பிட்டால் பாதிப்பின் அளவு புலப்படும்.

1970-களில் லண்டனில் பபூன் குரங்குகளிடம் நடைபெற்ற ஆய்வுகள் ஓர் அரிய உண்மையை வெளிப்படுத்தின. மூளையின் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லிலிட்டர் குருதி பாய்வது இயல்பு. அது சுமார் 15 மில்லிலிட்டராகக் குறைந்தபோது மறுமொழி மறைந்தது. ஆயினும், உயிரணுக்கள் தம் பொட்டாசியத்தை இழந்து சீர்குலையத் தொடங்கியது அதனினும் தாழ்ந்த நிலையிலேயே ஆகும். இடைப்பட்ட பகுதி செயலற்றது, ஆனால் இறந்ததன்று. இதனை 'அரைநிழல்' பகுதி என்பர். குருதியோட்டம் விரைவில் திரும்பினால் இது பிழைக்கும், தாமதித்தால் அழியும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்திற்குள் அளிப்பது பயன் தரும் என 1995-இல் வெளியான மனித ஆய்வு மெய்ப்பித்தது.

இத்தகைய அளவீட்டின் நம்பகம், சோதனை விலங்கின் தரத்தையும் சார்ந்தது. இனம், வயது, உடல் வெப்பம் ஆகியவை மாறினால் முடிவும் மாறும். உடல் குளிர்ந்தால் சைகை தாமதிக்கும். குளிர்ச்சியே மூளையைக் காப்பதால், பயனற்ற மருந்தும் பயனுடையதுபோல் தோன்றக்கூடும். இங்குதான் ஐதராபாத்தின் பங்கு தொடங்குகிறது. 1957-இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற சோதனை விலங்குத் தகவல் பணி, 1976-இல் இந்நகரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. தரமான விலங்குகளை வளர்த்து ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கியது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998-இல் இயற்றப்பட்ட விதிகள், இத்தகைய சோதனைகளுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கின.

எனினும், எலியில் கண்ட பயன் மனிதரிடமும் கிட்டும் என்பது உறுதியன்று. விலங்குகளில் நம்பிக்கையூட்டிய என்எக்ஸ்ஒய்-059 என்னும் மருந்து, 2007-இல் வெளியான பெரிய மனித ஆய்வில் பயனளிக்கவில்லை. ஆனால், சைகை அடங்கிய மூளைத் திசுவும் உயிருடன் இருக்கக்கூடும் என்ற பாடம் நிலைத்துவிட்டது. நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனை சேர்க்கும் ஊர்தி வசதியும் மக்களின் விழிப்புணர்வுமே அப்பாடத்தைப் பயனாக்கும்.