திருட்டும் அதன் வகைகளும்

திருடன் என்றதும் நள்ளிரவில் சுவரேறிக் குதிப்பவனையே நாம் எண்ணுகிறோம். சட்டத்தின் நோக்கோ இதனினும் விரிந்தது.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன் 303-ஆம் பிரிவின்படி, அசையும் பொருளொன்றை, அதனைத் தம் வசம் வைத்திருப்பவரின் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக இடம் பெயர்த்தலே திருட்டாகும். நிலத்தில் வேரூன்றி நிற்கும் மரம் அசையும் பொருளன்று, வெட்டப்பட்டவுடன் அவ்வாறாகிவிடுகிறது. பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, யார் வசம் இருந்தது என்பதே இங்கு முதன்மையானது. ஆகையால் ஒருவன் தன் சொந்தப் பொருளையே திருடவுங்கூடும். அடகு வைத்த கைக்கடிகாரத்தைக் கடன் தீர்க்காமல், அடகு பிடித்தவரின் இசைவின்றி எடுத்துச் செல்பவன் திருடனே.

சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்து, குற்றவாளி முதன்முறை தண்டனை பெறுபவராயிருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை. குடியிருக்கும் வீட்டில் திருடினாலும், வழிபாட்டிடத்துச் சிலையைத் திருடினாலும், வேலையாள் தன் முதலாளியிடம் திருடினாலும் சிறை ஏழாண்டு வரை நீளும். கழுத்துச் சங்கிலி போன்றவற்றைத் திடீரெனப் பறித்தல் 304-ஆம் பிரிவில் தனிக்குற்றமாக்கப்பட்டுள்ளது. திருட்டோடு வன்முறையோ உடனடி உயிரச்சமோ சேர்ந்தால் அது கொள்ளை. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செய்தால் கூட்டுக்கொள்ளை.

இனி, திருட்டு என்று பெயர் பெறாத ஒன்றைக் கவனிப்போம். ஒரு சங்கத்தின் பொருளாளர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தைத் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு எடுக்கிறார். அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என எண்ணுகிறார். பணம் முன்னரே அவர் வசம் இருந்தமையால் இது திருட்டன்று; 316-ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடி. சிறிது காலத்திற்கு மட்டும் நேர்மையின்றிக் கையாடினாலும் அது கையாடலே எனச் சட்டம் தெளிவாக விளக்குகிறது. திருப்பி வைக்கும் எண்ணம் அவரைக் காப்பாற்றாது.

இதற்குரிய சிறைத்தண்டனை ஐந்தாண்டு வரை. எழுத்தரோ வேலையாளோ செய்தால் ஏழாண்டு வரை. அரசு ஊழியரோ வங்கியாளரோ செய்தால் ஆயுள் வரை செல்லலாம். சுவரேறிக் குதித்தவனை நாம் நம்பியிருக்கவில்லை. சாவியை நாமே கொடுத்தவரை நம்பியிருந்தோம். பிறர் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் நம்மில் ஒவ்வொருவரும் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நலம்.