அறையின் வெப்பமும் குளிரூட்டியின் அளவும்

குளிர்மிகுந்த மேலை நாடுகளில் சுடுநீர் ஓடும் இரும்புத் தகடுகளைச் சுவரோரம் பொருத்தி அறைக்குக் கதகதப்பூட்டுவர். பழைய தகட்டை மாற்றும்பொழுது, அறையிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கிட்டே புதியதன் அளவை முடிவு செய்ய வேண்டுமென்பது அங்குள்ள விதி. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ இரண்டு பாகை வடக்கே அமைந்த சிம்பாங் ரெங்கத்தில் அவ்விதி தலைகீழாகப் பொருந்துகிறது. இங்கு உள்ளே புகும் வெப்பத்தையே அளக்க வேண்டும். அளந்து வாங்க வேண்டிய பொருள் குளிரூட்டி. மக்கள் வழக்கில் ‘ஏர்கோன்’.

குளிரூட்டியை ‘ஒரு குதிரைச் சக்தி’, ‘ஒன்றரைக் குதிரைச் சக்தி’ என்று கூறி விற்கின்றனர். குதிரைச் சக்தி என்பது இயந்திரம் செய்யும் வேலையை அளக்கப் பிறந்த சொல். குளிர்ச்சிக்கு அது நேரான அளவாகாது. நேரான அளவு பிரிட்டிஷ் வெப்ப அலகு. ஒரு பவுண்டு நீரின் சூட்டைப் பாரன்ஹீட் அளவையில் ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே ஓர் அலகாகும். மணிக்கு 9,000 அலகு வெப்பத்தை அகற்றும் கருவியைக் கடைகளில் ஒரு குதிரைச் சக்தி என்றும், 12,000 அலகை அகற்றுவதை ஒன்றரை என்றும் வழங்குவர். ஆகவே, வாங்குவோர் பெட்டியில் அச்சிட்டுள்ள அலகு எண்ணைப் பார்ப்பதே முறை.

கணக்கு எளியது. அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி வரும் சதுர அடியை 65ஆல் பெருக்கினால், தேவையான அலகு ஏறத்தாழக் கிடைக்கும். வெயில் நேராக அடிக்கும் அறைக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுக. இருவருக்கு மேற்பட்டோர் புழங்கினால் ஆளுக்கு 600 அலகு சேர்க்க. மனித உடலும் ஓர் அடுப்பன்றோ!

எடுத்துக்காட்டாக, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு படுக்கையறையைக் கொள்வோம். 120 சதுர அடிக்கு 7,800 அலகு. முன்பு அது மேல்வெயில் தாக்கும் அறை. அதற்காக 780 கூடுகிறது. பெற்றோருடன் பிள்ளைகள் இருவர் அங்கேயே உறங்கினர், அதற்கு 1,200. ஆக மொத்தம் 9,780. அக்குடும்பம் அன்று ஒன்றரைக் குதிரைச் சக்தி வாங்கியது சரியே. இன்று பிள்ளைகள் வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டனர். மேற்குப் பக்கம் தாழ்வாரம் இறக்கியதால் சுவருக்கு நிழலும் வந்துவிட்டது. தேவை 7,800 அலகாகக் குறைந்தது. பழைய கருவி பழுதானதும் அதே அளவில் இன்னொன்று வாங்கினால், இல்லாத வெப்பத்திற்குப் பணம் கொடுத்ததாகும். ஒரு குதிரைச் சக்தியே போதும்.

“பெரிதாக இருந்தால் என்ன? விரைவில் குளிரட்டுமே” என்பார் உண்டு. அதில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இதற்கான அமைப்பை முதன்முதல் வகுத்தது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே. ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேலொன்று சரியாகப் பதியவில்லை. ஈரத்தை வாங்குவது குளிரூட்டியின் பிறவிக் கடமை. அதற்கு உள்ளிருக்கும் சுருள்குழாய் தொடர்ந்து குளிர்ந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து வெளியே வடியும். ஒரே வேகத்தில் ஓடும் பெரிய கருவியோ சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். படிந்த நீர் மீண்டும் காற்றில் கலக்கும். அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு நீங்காது. அலமாரியிலுள்ள நூல்களில் பூஞ்சை பூக்கும். அடிக்கடி நின்று ஓடுவதால் இயந்திரமும் தேயும்.

சிறிய கருவியாலும் துன்பமே. நண்பகல் வெயிலில் ஓயாது ஓடியும் அது அறையைக் குளிர்விக்காது. மின்கட்டணம் மட்டும் ஏறும். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘இன்வெர்ட்டர்’ வகை இக்குறைகளை ஓரளவு தணிக்கும். ஆயினும், அளவைத் தவறவிட்டதற்கு அது முழு மருந்தாகாது.

தோட்டத்துப் பலகை வீடுகளிலும் பழைய தாமான் வீடுகளிலும் முதலில் கவனிக்க வேண்டியது கூரையே. உள்கூரையில்லாத தகரத்தின்கீழ் மேற்சொன்ன கணக்கு செல்லாது. தேவை இன்னும் மிகும். உள்கூரை அமைத்து, அதன்மேல் வெப்பந்தடுக்கும் பஞ்சு விரித்து, சன்னல் இடுக்குகளை அடைத்த பின்னர் கணக்கிடுவதே அறிவுடைமை. அச்செலவு ஒருமுறையோடு முடியும். மின்கட்டணமோ மாதந்தோறும் வரும்.

பழைய கருவியின் தகட்டிலுள்ள எண் அன்றைய அறைக்கு உரியது. கடைக்குப் போகுமுன் அளவு நாடாவால் இன்றைய அறையை அளந்து, அதில் உறங்குவோரை எண்ணி, வெயில் விழும் சுவரைக் குறித்துக்கொள்க. இப்பெருக்கலையும் கூட்டலையும் ஆறாம் ஆண்டு மாணவர்களே செய்துவிடுவர். அவர்கள் வீட்டு அறையையே கணக்குப் பாடமாகக் கொடுக்கலாம். பாடமும் பதியும், வீட்டுப் பணமும் மிஞ்சும்.